உலாவி அப்டேட்: பொத்தானை அழுத்துவதற்கு முன்னும் பின்னும்

சில ஆண்டுகளுக்கு முன் நீளமான விண்ணப்பப் படிவம் ஒன்றை உலாவியில் (பிரௌசரில்) நிரப்பிக்கொண்டிருந்தேன். மூன்றாம் பக்கத்தின் நடுவில் இருந்தபோது, அப்டேட்டை முடிக்கச் சொல்லும் பொத்தான் மேல் மூலையில் கண்ணில் பட்டது. ஒரு நிமிட வேலைதானே என்று அழுத்திவிட்டேன். உலாவி மூடித் திறந்தது. டேப்கள் அத்தனையும் இருந்த இடத்துக்கே வந்தன. படிவத்தில் நான் தட்டியிருந்ததில் ஓர் எழுத்தும் வரவில்லை. அந்தக் கோபத்தில் அடுத்த சில மாதம் எந்த அப்டேட்டையும் தொடவே இல்லை. பிறகு ஒருநாள், அவசரமாகப் பணம் அனுப்ப வேண்டிய தளம், உங்கள் உலாவி மிகப் பழையது என்று சொல்லி உள்ளேயே விடவில்லை.

புதிதாக உலாவியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு உதவும்போதெல்லாம் இந்த இரண்டு தவறில் ஒன்றைத்தான் பார்க்கிறேன். கேட்ட நொடியே அழுத்துகிறார்கள். இல்லாவிட்டால் பயந்துபோய் அழுத்தவே மறுக்கிறார்கள். அப்டேட்டைத் தள்ளிப்போடக் கூடாது, ஆனால் அது நடக்கும் வேளையை நாம்தான் குறிக்க வேண்டும். அதற்கான முன்னேற்பாட்டையும், அப்டேட்டுக்குப் பிறகு ஏதாவது கோளாறானால் எந்த வரிசையில் தேடுவது என்பதையும் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

ஏன் இவ்வளவு அடிக்கடி?

"போன வாரம்தானே அப்டேட் செய்தேன், மறுபடியுமா?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. ஃபயர்ஃபாக்ஸின் முதல் பதிப்பு 2004 நவம்பரில் வந்தது. அந்தக் காலத்தில் பெரிய பதிப்பு ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஓர் ஆண்டுக்கு மேல்கூட ஆகும். 2008இல் வந்த குரோம் அந்த வழக்கத்தை மாற்றியது. 2010இல் ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு என்று தொடங்கி, 2021இல் நான்கு வாரத்துக்கு ஒன்று என்று சுருக்கிக்கொண்டது. ஃபயர்ஃபாக்ஸும் 2011இல் வேக ஓட்டத்துக்கு மாறி, 2020இல் நான்கு வாரச் சுழற்சிக்கு வந்தது. இவை எண் மாறும் பெரிய பதிப்புகள். இவற்றுக்கு நடுவில் பாதுகாப்புத் திருத்தங்கள் தனியே வருகின்றன. குரோம் 2023 ஆகஸ்ட் முதல் அவற்றை வாராவாரம் வெளியிடுகிறது.

வாராவாரம் ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் எரிச்சல் பாதியாகக் குறையும். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் பெரும்பாலும் திறந்த மூல நிரலால் ஆனவை. ஓர் ஓட்டையை அடைத்தால், அடைத்த இடம் நிரலில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அதைப் படித்து, இன்னும் அப்டேட் செய்யாதவர்களைத் தாக்க வழி தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதாவது திருத்தம் வெளியாகும் நாளிலிருந்து, பழைய பதிப்பில் இருப்பவருக்கு ஆபத்து முன்னைவிடக் கூடுகிறது.

2023 செப்டம்பரில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பி என்ற வகைப் படங்களைத் திறக்கும் நிரல் துணுக்கு ஒன்றில் ஓட்டை இருந்தது. அதே துணுக்கைக் குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாமே பயன்படுத்தின. கேடாகத் தயாரித்த ஒரு படம் பக்கத்தில் தோன்றினாலே போதும், எதையும் சொடுக்க வேண்டியதில்லை. ஓட்டை வெளியே தெரியவருவதற்கு முன்பே அதைச் சிலர் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். உலாவிகள் சில நாளுக்குள் திருத்தத்தை வெளியிட்டன. அந்த வாரம் உலாவியை மூடித் திறந்தவர்கள், நடந்ததே தெரியாமல் தப்பித்தார்கள்.

முதல் படி: உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு?

குரோமில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, ஹெல்ப், அதற்குள் அபௌட் கூகுள் குரோம் என்று போங்கள். எட்ஜிலும் ஏறக்குறைய இதே வழிதான். ஃபயர்ஃபாக்ஸில் மூன்று கோடுகள் இருக்கும். அங்கிருந்து ஹெல்ப், பிறகு அபௌட் ஃபயர்ஃபாக்ஸ். மேக் கணினியில் திரையின் உச்சியில் உலாவியின் பெயரைத் தொட்டாலே அபௌட் கிடைக்கும். இந்தப் பக்கத்தைத் திறந்ததுமே உலாவி தானாகப் புதிய பதிப்பைத் தேடத் தொடங்கிவிடும். காத்திருக்கும் அப்டேட் இருந்தால் பதிவிறக்கமும் அங்கேயே நடக்கும்.

அங்கே தெரியும் நீளமான எண்ணில் முதல் பகுதிதான் பெரிய பதிப்பு. குரோமில் கடைசிப் பகுதி சிறு திருத்தங்களைக் குறிக்கும். முழு எண்ணையும் ஒரு தாளிலோ கைபேசிக் குறிப்பிலோ எழுதி வையுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு ஏதாவது உடைந்தால், "நேற்று எது, இன்று எது" என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் உதவி சீக்கிரம் கிடைக்கிறது.

உங்கள் நண்பருக்கு வந்த பதிப்பு உங்களுக்கு இன்னும் வரவில்லை என்றால் கவலை வேண்டாம். புதிய பதிப்பை எல்லோருக்கும் ஒரே நாளில் தருவதில்லை. முதலில் ஒரு சிறு பங்கினருக்குக் கொடுத்து, கோளாறு எதுவும் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குத் திறக்கிறார்கள். இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. எண் மாறாமலேயே தோற்றமோ வசதியோ மாறலாம். புதிய வசதி பல நேரம் உலாவிக்குள் ஏற்கெனவே உறங்கிக்கொண்டிருக்கும். தயாரிப்பாளர் தம் சர்வரிலிருந்து ஒரு நாள் அதை எழுப்பிவிடுவார். "நான் எதையும் தொடவில்லை, தானே மாறிவிட்டது" என்று யாராவது சொன்னால் நம்புங்கள்.

இரண்டாம் படி: பொத்தானைத் தொடும் முன்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். நானும் அப்படித்தான் தாண்டிப் போனேன். ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

திறந்திருக்கும் டேப்களை ஒரு பார்வை பாருங்கள். பாதி எழுதிய படிவம், அனுப்பாத நீண்ட கருத்து, ஏறிக்கொண்டிருக்கும் கோப்பு, நடந்துகொண்டிருக்கும் பணப் பரிமாற்றம், வீடியோ கூட்டம் ஆகியவற்றில் எது இருந்தாலும் முதலில் முடியுங்கள். முடிக்க முடியாத எழுத்தை நகலெடுத்து வேறொரு கோப்பில் ஒட்டிவையுங்கள். சாதாரண டேப்கள் திரும்பி வரும். இன்காக்னிட்டோ எனப்படும் தனிமறைவுச் சாளரங்கள் திரும்பி வராது. அவை எதையும் நினைவில் வைக்கக் கூடாது என்றே செய்யப்பட்டவை. அவற்றில் தேவையான முகவரி இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அமைப்புகளுக்குள் போய், உலாவி திறக்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும்படி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வைக்காமல் போய் டேப்கள் காணாமல் போனாலும் வழி இருக்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கடைசியாக மூடிய டேப்களும் சாளரங்களும் ஒவ்வொன்றாகத் திரும்பும். மேக்கில் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட்.

பிறகு புக்மார்க்குகள். புக்மார்க் மேலாளரில் எக்ஸ்போர்ட் என்று ஒரு வழி உண்டு. அது எல்லா முகவரிகளையும் ஒரே கோப்பாகத் தரும். எந்த உலாவியிலும் அதை மறுபடி ஏற்றலாம். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் இது தேவையில்லை, சில மாதத்துக்கு ஒருமுறை போதும். "எனக்குத்தான் சிங்க் இருக்கிறதே" என்று பலர் சொல்வார்கள். உங்கள் கருவிகள் எல்லாவற்றிலும் ஒரே தரவை வைத்திருக்கும் சிங்க் என்பது கண்ணாடி மாதிரி. ஒரு கருவியில் அழித்தால் மற்றதிலும் அழியும். அதைக் காப்புப் பிரதி என்று நம்பியிருக்க வேண்டாம்.

கடவுச்சொற்களையும் இதேபோல் வெளியே எடுக்க முடியும். ஆனால் அந்தக் கோப்பில் அவை பூட்டின்றி, யாரும் படிக்கும்படி, வெற்று எழுத்தாக இருக்கும். புதியவர்களுக்கு என் யோசனை: எடுக்காதீர்கள். முக்கியக் கணக்குகளுக்கு மறந்துபோனால் மீட்கும் வழி சரியாக இருக்கிறதா, அதில் உள்ள கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் இன்றும் உங்களுடையவைதானா என்று பார்த்தாலே போதும். எடுத்தே ஆக வேண்டும் என்றால் வேலை முடிந்ததும் கோப்பை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள்.

மூன்றாம் படி: மூடித் திறப்பது

பதிவிறக்கம் பின்னணியில் நடந்து முடிந்துவிடும். புதிய பதிப்பு உயிர்பெறுவது உலாவியை முழுதாக மூடித் திறக்கும்போதுதான். இங்கேதான் பலர் தெரியாமல் மாட்டுகிறார்கள். மடிக்கணினியின் மூடியைச் சாத்துவது உறக்கம் மட்டுமே. திறந்தால் அதே பழைய உலாவி அதே இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். வாரக்கணக்கில் மூடியை மட்டும் சாத்தித் திறப்பவர்களுக்கு அப்டேட் வந்திருந்தும் வராததுபோலத்தான். மேக்கில் சாளரத்தை மூடினாலும் உலாவி மூடுவதில்லை. கமாண்ட், கியூ அழுத்த வேண்டும். விண்டோஸில் குரோம், எட்ஜ் இரண்டும் சாளரம் மூடிய பின்னும் பின்னணியில் ஓடும்படி ஓர் அமைப்பு உண்டு. ஆகவே அபௌட் பக்கத்தில் வரும் ரீலாஞ்ச் பொத்தானையே பயன்படுத்துங்கள்.

காத்திருக்கும் அப்டேட்டைக் குரோம் மெனுவின் நிறத்தாலும் சொல்லும். பச்சை என்றால் வந்து இரண்டு நாளுக்குள், ஆரஞ்சு என்றால் நான்கு நாள் அளவில், சிவப்பு என்றால் ஒரு வாரமாவது ஆகிவிட்டது. நான் வைத்திருக்கும் வழக்கம் எளியது: பச்சையைப் பார்த்தால் அன்று வேலை முடிந்ததும் மூடித் திறப்பேன். சிவப்பு வரை போகவிட மாட்டேன். நடப்பில் ஒரு ஓட்டை தாக்குதலுக்கு உள்ளாகிறது என்ற செய்தி வந்திருந்தால் மாலை வரைகூடக் காத்திருக்காமல், கையில் உள்ளதைச் சேமித்துவிட்டு உடனே செய்கிறேன்.

லினக்ஸில் ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு சொல். மென்பொருள்களை நிறுவிப் புதுப்பிக்கும் பொதி மேலாளர் பின்னணியில் ஃபயர்ஃபாக்ஸை மாற்றிவிட்டால், புதிய டேப் திறக்கும்போது பக்கத்துக்குப் பதில் மறுதொடக்கம் கேட்கும் அறிவிப்பு வரும். அது கோளாறு அன்று. கோப்புகள் புதியவை, ஓடிக்கொண்டிருப்பது பழையது, அவ்வளவுதான். ஒருமுறை மூடித் திறந்தால் சரியாகிவிடும்.

அலுவலகக் கணினி என்றால், மெனுவின் அடியில் உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அப்டேட் வரும் வேளை உங்கள் கையில் இல்லை. கணினிப் பிரிவினரிடம் கேட்பதே வழி.

வலைப்பக்கம் கேட்டால் மறுத்துவிடுங்கள்

உறவினர் ஒருவர் ஒருமுறை தொலைபேசியில், "தம்பி, சமையல் பக்கம் ஒண்ணு பார்த்துக்கிட்டிருந்தேன். உலாவி பழசாயிடுச்சு, உடனே அப்டேட் பண்ணுங்கன்னு வந்துது. நானும் இறக்கிட்டேன்" என்றார். எங்கே வந்தது என்று கேட்டேன். பக்கத்துக்குள்ளேயே, பெரிதாக, உலாவியின் சின்னத்தோடு வந்ததாம். நல்ல வேளையாக இறக்கிய கோப்பை அவர் இன்னும் திறக்கவில்லை. அழிக்கச் சொன்னேன்.

இது பல ஆண்டுகளாக ஓடும் ஏமாற்று. ஒழுங்கான தளங்களுக்குள்ளேயே ஊடுருவி, இப்படிப் போலி அறிவிப்பை வைத்துவிடுகிறார்கள். பார்ப்பவர் பயன்படுத்தும் உலாவிக்கு ஏற்பச் சின்னமும் மாறும். அதனால் முகவரி நம்பகமானது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றே: உண்மையான அப்டேட் உலாவியின் மெனுவிலோ அபௌட் பக்கத்திலோ கணினியின் அல்லது கைபேசியின் அப்டேட் பகுதியிலோ மட்டுமே வரும். பக்கத்தின் உடம்புக்குள் வரும் எந்த அழைப்பையும் நம்ப வேண்டாம். சந்தேகம் என்றால் அந்த டேப்பை மூடிவிட்டு அபௌட் பக்கத்தை நீங்களே திறந்து பாருங்கள். அப்டேட் உண்மையாக இருந்தால் அங்கே இருக்கும்.

"உங்கள் உலாவி பழையது, இந்தத் தளம் வேலை செய்யாது" என்று சில நல்ல தளங்களும் எழுதும். அதுவும் தகவல் மட்டுமே. அங்கே தரும் இணைப்பைத் தொடாமல் மெனு வழியாகவே போங்கள். பழையது என்ற அந்த அறிவிப்பு எப்போதும் உண்மையாகவும் இருப்பதில்லை. 2022 மார்ச்சில் குரோமும் அதே ஆண்டு மே மாதம் ஃபயர்ஃபாக்ஸும் 100ஆம் பதிப்பைத் தொட்டன. எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை மட்டும் படிக்கும் தளங்கள் 100ஐ 10 என்று எடுத்துக்கொள்ளும் என்ற அச்சத்தில், இரண்டு தயாரிப்பாளர்களும் மாதங்களுக்கு முன்பே எண்ணைப் பொய்யாக 100 என்று காட்டிச் சோதித்துப் பார்த்தார்கள்.

நான்காம் படி: உடைந்ததா, இடம் மாறியதா?

அப்டேட்டுக்குப் பின் வரும் புகார்களில் பெரும்பகுதி, ஒரு பொருள் இடம் மாறியதால் வருபவை. 2023 செப்டம்பரில் குரோம் 117 வந்தபோது, முகவரிக்குப் பக்கத்தில் பல ஆண்டுகளாக இருந்த பூட்டுச் சின்னம் போய், இரண்டு கோடுகளும் சிறு வட்டங்களும் கொண்ட ஒரு சின்னம் வந்தது. தளத்தின் பாதுகாப்பு போய்விட்டதோ என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. பாதுகாப்பு அப்படியே இருந்தது. பூட்டைப் பார்த்ததும் தளமே நம்பகமானது என்று மக்கள் தவறாக எண்ணுகிறார்கள் என்பதால்தான் சின்னத்தை மாற்றினார்கள். ஃபயர்ஃபாக்ஸ் 2021 ஜூனில் 89ஆம் பதிப்பில் டேப்களின் வடிவத்தையே மாற்றியபோதும் இதே குழப்பம்.

புக்மார்க் பட்டை மறைந்திருந்தால் கண்ட்ரோல், ஷிஃப்ட், பி அழுத்திப் பாருங்கள். எல்லாமே போய்விட்டது, புக்மார்க் இல்லை, கடவுச்சொல் இல்லை, உலாவி புத்தம் புதிதாகத் திறக்கிறது என்றால், அங்கேதான் கட்டாயம் நிதானம் வேண்டும். பெரும்பாலும் வேறொரு சுயவிவரம் (புக்மார்க், கடவுச்சொல் எல்லாவற்றையும் தனியே வைத்திருக்கும் ப்ரொஃபைல்) திறந்திருக்கும். குரோமில் வலது மேல் மூலையில் உள்ள படத்தைத் தொட்டால் பிற சுயவிவரங்கள் தெரியும். ஃபயர்ஃபாக்ஸ் 67ஆம் பதிப்பிலிருந்து, வேறு இடத்தில் நிறுவிய ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனிச் சுயவிவரம் வைத்துக்கொள்கிறது. அதனால் புதிதாக நிறுவியவர்களுக்குப் பழையது தொலைந்ததுபோல் தோன்றும். முகவரிப் பட்டையில் about:profiles என்று தட்டித் திறந்தால் பழையது பட்டியலில் இருக்கும். அந்த நேரத்தில் பயந்து உலாவியை நீக்கி மறுபடி நிறுவினால், தேடும் இடம் இன்னும் அதிகமாகும்.

ஐந்தாம் படி: உண்மையிலேயே உடைந்திருந்தால்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கைச் சேர்த்து மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் அதே பக்கத்தை வேறோர் உலாவியிலோ கைபேசியிலோ திறந்து பாருங்கள். அங்கேயும் உடைந்திருந்தால் குற்றம் தளத்தினுடையது. உங்கள் வேலை முடிந்தது. அங்கே சரியாக இருந்தால், பக்கத்தைக் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் அழுத்திப் புதிதாக ஏற்றுங்கள். உலாவி சேமித்து வைத்த பழைய துண்டுகளை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் மறுபடி வாங்கும்.

அதிலும் தீராவிட்டால் தனிமறைவுச் சாளரத்தில் திறங்கள். இந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. அந்தச் சாளரத்தில் நீட்சிகள் (உலாவியில் நாம் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன்கள்) பெரும்பாலும் ஓடாது, தளங்கள் உலாவியில் விட்டுவைக்கும் குக்கீகள் என்ற பழைய சிறு தரவும் இருக்காது. அங்கே பக்கம் ஒழுங்காக வந்தால், கோளாறு நீட்சியில் இருக்கிறது, இல்லையென்றால் அந்தத் தளம் உங்கள் உலாவியில் வைத்த தரவில் இருக்கிறது.

நீட்சியைக் கண்டுபிடிக்க ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருக்க வேண்டாம். பாதியை அணையுங்கள். கோளாறு போனால் அணைத்த பாதியில் குற்றவாளி இருக்கிறது; போகாவிட்டால் மறு பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். 16 நீட்சிகள் இருந்தாலும் நான்கு முறையில் ஆளைப் பிடித்துவிடலாம். நீட்சிகள் எதுவும் காரணமில்லை என்றால் அந்த ஒரு தளத்தின் குக்கீகளையும் தரவையும் மட்டும் அழியுங்கள். உலாவியின் எல்லாத் தரவையும் அழிக்கச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். அதைச் செய்தால் எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறி, ஒரு சிறு கோளாறுக்காக அரைநாள் கடவுச்சொல் தட்ட வேண்டிவரும்.

நீட்சியை அணைப்பது வேறு, நீக்குவது வேறு. 2019 மே தொடக்கத்தில், நீட்சிகள் நம்பகமானவையா என்று சரிபார்க்க உதவும் கையொப்பச் சான்றிதழ் ஒன்று காலாவதியானதால் ஃபயர்ஃபாக்ஸில் உலகெங்கும் நீட்சிகள் ஒரேயடியாகச் செயலிழந்தன. நீட்சிகளை நீக்கி மறுபடி நிறுவ வேண்டாம், நீக்கினால் அவற்றில் சேர்ந்த தரவும் போய்விடும் என்று ஃபயர்ஃபாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லா எச்சரித்தது. காத்திருந்தவர்களுக்குத் திருத்தம் வந்ததும் எல்லாம் திரும்பின. பொறுக்காமல் நீக்கியவர்கள் தம் அமைப்புகளை இழந்தார்கள்.

சில நீட்சிகள் நிரந்தரமாகவே போகும், அதையும் ஏற்கத்தான் வேண்டும். 2017 நவம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 57 பழைய வகை நீட்சிகள் அனைத்தையும் கைவிட்டது. குரோமும் 2024, 2025 ஆண்டுகளில் பழைய முறையில் எழுதிய நீட்சிகளைப் படிப்படியாக நிறுத்தியது; விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜினும் அதில் ஒன்று. அதைச் செய்தவர்களே புதிய முறைக்கு ஏற்ற, வசதி குறைந்த லைட் வடிவத்தைத் தருகிறார்கள். குரோம் நிறுத்திய அந்த முறையை ஃபயர்ஃபாக்ஸ் தொடர்ந்து ஏற்கிறது. தமிழில் தட்டச்சு செய்யவே ஒரு நீட்சியை நம்பியிருப்பவர்கள், கணினியிலேயே உள்ள தமிழ் விசைப்பலகையையும் இயக்கிவைத்துக்கொள்வது நல்லது. நீட்சி ஒருநாள் நின்றாலும் எழுத்து நிற்காது.

திரை மினுக்குகிறது, வீடியோ கறுப்பாக இருக்கிறது, எழுத்து சிதறுகிறது என்றால் அது வேறு வகை. குரோம் அமைப்புகளில் சிஸ்டம் பகுதியில் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷன் (முன்பு ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன்) என்று ஒன்று இருக்கும். அதை அணைத்து உலாவியை மூடித் திறங்கள். சரியானால் காரணம் கணினியின் வரைகலை டிரைவர். அதைப் புதுப்பித்துவிட்டு மறுபடி இயக்கலாம். தளம் உண்மையானதா என்று உலாவி சரிபார்க்கும் சான்றிதழில் பிழை என்று எல்லாத் தளங்களிலும் ஒரே நேரத்தில் வந்தால், கணினியின் தேதியும் நேரமும் சரியா என்று முதலில் பாருங்கள். அடுத்து வைரஸ் தடுப்பு மென்பொருளைச் சந்தேகியுங்கள். பூட்டிய இணைப்புகளுக்கு நடுவில் புகுந்து சோதிப்பவை சில உண்டு. உலாவி மாறும்போது அவை தடுமாறும்.

எதிலும் தீரவில்லை என்றால் மீட்டமைப்பு. குரோமில் அமைப்புகளை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோனால் நீட்சிகள் அணையும், குக்கீகள் போகும். புக்மார்க்குகளும் சேமித்த கடவுச்சொற்களும் இருக்கும். ஃபயர்ஃபாக்ஸில் ரீஃப்ரெஷ் செய்தால் நீட்சிகள் நீங்கும், புக்மார்க்குகளும் கடவுச்சொற்களும் தங்கும். பழைய தரவை ஒரு கோப்புறையில் போட்டு டெஸ்க்டாப்பில் வைத்தும் தரும். சில வாரம் அந்தக் கோப்புறையை அழிக்காமல் வைத்திருங்கள்.

பழைய பதிப்புக்குத் திரும்பலாமா?

கேட்பவர்களிடம் வேண்டாம் என்றே சொல்கிறேன். அடைத்த ஓட்டைகளை நீங்களே மறுபடி திறந்துவிடுவதாகும் என்பது ஒன்று. புதிய பதிப்பு தொட்ட சுயவிவரத்தைப் பழைய பதிப்பால் சரியாகப் படிக்க முடியாமல் போகலாம் என்பது இன்னொன்று. ஃபயர்ஃபாக்ஸ் அதைத் தடுக்கவே, பழைய பதிப்பைத் திறந்தால் புதுச் சுயவிவரம் தொடங்கச் சொல்லும்.

மாற்றங்கள் உண்மையிலேயே உங்கள் வேலையைக் கெடுத்தால், ஃபயர்ஃபாக்ஸின் ஈஎஸ்ஆர் எனப்படும் நீண்ட கால ஆதரவுப் பதிப்பு இருக்கிறது. ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறைதான் அதில் வசதிகள் மாறும். பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் இடைவிடாமல் வரும். மற்றபடி எல்லோருக்கும் நான் சொல்வது, இரண்டாவது உலாவி ஒன்றை நிறுவி, அதையும் அப்டேட்டாக வைத்திருங்கள். முதல் உலாவி மக்கர் செய்யும் நாளில் பணப் பரிமாற்றமும் விண்ணப்பமும் தடையின்றி நடக்கும். முதல் உலாவி குரோம் என்றால் இரண்டாவது எட்ஜாக இருப்பதைவிட ஃபயர்ஃபாக்ஸாக இருப்பது மேல். எட்ஜ் 2020 ஜனவரி முதல் குரோமின் அடித்தளமான குரோமியத்தில்தான் ஓடுகிறது. ஒன்றில் வரும் கோளாறு மற்றதிலும் வரக்கூடும்.

கைபேசியில்

ஐபோனில் சஃபாரி தனியாக அப்டேட் ஆவதில்லை. ஐஓஎஸ் அப்டேட்டோடுதான் வரும். ஆண்ட்ராய்டில் உலாவி பிளே ஸ்டோர் வழியாக வருகிறது. ஆனால் அங்கே பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு: ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ. மற்ற செயலிகள் தமக்குள் வலைப்பக்கம் காட்ட இதைத்தான் பயன்படுத்துகின்றன. 2021 மார்ச்சில் வெப்வியூவின் கோளாறால் ஜிமெயில் உட்படப் பல செயலிகள் திறந்ததும் மூடிக்கொண்டன. ஒவ்வொரு செயலியையும் நீக்கி நிறுவிப் பார்த்தவர்களுக்குப் பயன் கிடைக்கவில்லை. வெப்வியூவையும் குரோமையும் அப்டேட் செய்தவர்களுக்குச் சரியானது. பல செயலிகள் ஒரே நாளில் செயலிழந்தால் பிளே ஸ்டோரில் முதலில் தேட வேண்டிய பெயர் இதுதான்.

கணினியே பழையது என்றால்

விண்டோஸ் 7, 8.1 இரண்டுக்கும் குரோம் 109தான் கடைசி. 2023 பிப்ரவரியில் வந்த 110க்கு விண்டோஸ் 10 தேவை. அந்தக் கணினிகளில் அப்டேட் வராததற்கு உங்கள் தவறு எதுவும் காரணமில்லை. ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் 115 ஈஎஸ்ஆர் பதிப்பின் வழியாக அவற்றுக்குக் கூடுதல் காலம் கொடுத்தது. அதை ஓர் இடைக்கால ஏற்பாடாகவே எண்ணி, பணம் சம்பந்தப்பட்ட வேலைகளை வேறு கருவிக்கு மாற்றிவிடுங்கள்.

ஆறாம் படி: சொல்லுங்கள்

எல்லாம் செய்தும் கோளாறு நிற்கிறதென்றால், அது உங்களுக்கு மட்டும் வந்ததாக இருக்காது. குரோமில் ஹெல்ப் மெனுவிலேயே சிக்கலைத் தெரிவிக்கும் வழி இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸிலும் உடைந்த தளத்தைத் தெரிவிக்க மெனுவில் இடமுண்டு. "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ முடியாது. முதல் படியில் குறித்த பழைய எண், இப்போதைய எண், எந்த இயங்குதளம், எந்தப் பக்கம், எதைத் தொட்டதும் என்ன நடந்தது, தனிமறைவுச் சாளரத்தில் எப்படி இருந்தது ஆகிய ஆறையும் ஆறு வரியில் எழுதுங்கள். கணக்கு எண், கடவுச்சொல், பெயர் தெரியும் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எதையும் இணைக்க வேண்டாம். பிறகு அந்த ஆறு வரியை உங்கள் குறிப்பிலும் ஒட்டிவையுங்கள். அடுத்த பதிப்பு வந்து உலாவியை மூடித் திறந்ததும், முதலில் அந்தப் பக்கத்துக்கே போய், அதே பொத்தானைத் தொட்டுப் பாருங்கள்.